எஃப்.எம்.பி. அண்ணனின் பொட்டல்

ஊரைவிட்டு ஓடியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போலீசுக்குப் பயந்து ஓடியவர், காதலித்த பெண்ணோடு ஓடியவர், கட்டிய மனைவிக்குப் பயந்து ஓடியவர் என்று தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஆனால் ஊரையே தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். புதுக்கோட்டையில் நான் தங்கியிருந்த மேன்ஷனில் பதினோராம் நம்பர் அறையில் இருந்தார். எஃப்.எம்.பி. அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. மேன்ஷன் ரிஜிஸ்தரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். நிலத்துக்கு நாலு பக்க அளவும் போட்டுத் தாலுகா ஆபீசில் தருகிற படத்துக்கு எஃப்.எம்.பி. என்று பெயர். யார் என்ன சொன்னாலும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, "எஃப்.எம்.பி. இருக்கா?" என்பதுதான். ஒருநாள் வயிற்றுவலியில் நான் சுருண்டு படுத்திருந்தபோது, "எங்கிட்டு வலிக்குது தம்பி, வடக்கு எல்லையா, தெக்கு எல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்கப் போனார்.

அவருடைய ஓர் எட்டு இரண்டரை அடி. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் ஒருநாள் தோசையின் மேல் டேப்பை வைத்து, "போன மாசம் பத்து இஞ்ச். இன்னைக்கு ஒம்பதே கால். மிச்சம் எங்கங்க?" என்று கேட்டார். அளந்து தின்கிற ஆளுக்கு இனி இலை போட முடியாது என்று மெஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் போய்ச் சமாதானம் பேசி, டேப்பை வெளியே வைத்துவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்த பிறகே மறுபடி சாப்பாடு கிடைத்தது.

வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஜாதகம் காரணமில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், காபி வருவதற்குள் வாசலில் நாலு எட்டு நடந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, "மாமா, ஒங்க காம்பவுண்டுச் சொவரு ஒண்ணரை அடி ரோட்டுக்கு வந்துருக்கு" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். காபி வரவேயில்லை.

இப்படிப்பட்டவர் விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார் என்றால் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேன்ஷனில் ஒரு மாதம் மட்டும் தங்கியிருந்த கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஒருவர் லேப்டாப்பில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். கதைக்குள் நாமே ஓர் ஆளாகப் புகுந்து, கோட்டை கொத்தளமெல்லாம் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவெடுத்துப் போகிற விளையாட்டு. ரோல் பிளேயிங் கேம் என்றார். அண்ணன் அரைமணி நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஊரு பூராவும் சுத்தியாச்சா தம்பி?"

"சுத்தியாச்சுண்ணே."

"சுடுகாடு எங்க?"

"இதுல அதெல்லாம் கெடையாதுண்ணே."

"கொளம்?"

"அதுவும் இல்லண்ணே."

"சுடுகாடும் இல்ல, கொளமும் இல்ல. இதுக்கு எவன்யா அப்ரூவல் குடுத்தான்?"

என்ஜினீயர் லேப்டாப்பை மூடிவிட்டார். அண்ணன் மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி, அட்டையில் ஸ்கேல் வைத்து 'பொட்டல்' என்று எழுதினார்.

பொட்டல் என்பது அவர் படைத்த உலகம். மரம் மட்டை இல்லாத கட்டாந்தரை. நடுவில் ஒரே ஓர் ஊருணி. சரித்திரத்தில் இருந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த ஊர்களெல்லாம், அவை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இந்தப் பொட்டலில் கொண்டுவந்து இறக்கப்படும். நூலகத்தில் உட்கார்ந்து கல்வெட்டுப் புத்தகங்களைப் புரட்டி, பெயர் மட்டும் மிஞ்சி ஆள் இல்லாமல் போன ஊர்களாகத் தேடுவார். அவற்றைப் பார்த்துப் பார்த்து அவரே ஊர்களை உண்டாக்குவார். கடல் விழுங்கிய துறைமுகம், ராஜா உத்தரவு போட்டுக் கிளப்பிய நெசவாளர் ஊர், கண்மாய் உடைந்து அடித்துக்கொண்டு போன ஊர். ஒவ்வொரு ஊருக்கும் எஃப்.எம்.பி. வரைந்திருந்தார். அதில் கோயில் இருந்ததோ இல்லையோ, சுடுகாடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினோராம் நம்பர் அறையில் ஆட்டம் நடக்கும். ஆட மூன்று பேர். விதைக் கம்பெனியில் வேலை பார்த்த நான். கீரமங்கலத்துக்காரரான மருந்துக் கம்பெனி ரெப். மேன்ஷனில் அவருக்கு மாத்திரை என்று பெயர். மூன்றாவது ஆள் கட்டுமாவடிக்காரர், புதுக்கோட்டையில் மீன் ஏஜெண்ட். அவர் எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் அங்கே ஈரம் இருக்கும் என்பதால் ஐஸ்பெட்டி. எனக்கு நெசவாளர் ஊர், மாத்திரைக்குக் கண்மாய் உடைந்த ஊர், ஐஸ்பெட்டிக்குத் துறைமுகம். ஆட்டம் தொடங்கிவிட்டால் அண்ணன் எங்களைத் தம்பி என்று கூப்பிட மாட்டார். அம்பலம் என்பார். எங்கள் பக்கம் ஊர்ப் பெரியதனக்காரருக்கு அந்தப் பெயர்.

ஊர் பெயரும்போது பத்து வண்டிதான் கொடுப்பார். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அம்பலம் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நாலு புளியங்கொட்டையைக் குலுக்கிப் போடுவோம். ஒரு வீச்சு, ஓர் ஆடி, அதாவது ஒரு வருஷம். நாலும் கறுப்பு விழுந்தால் ஏதோ ஒரு கேடு. இப்படி ஒன்பது ஆடி தாக்குப்பிடிக்க வேண்டும். பிடித்தாலும் ஊர் பிழைத்ததென்று ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மண்ணில் ஒரு பிறப்பு, ஒரு கல்யாணம், ஒரு சாவு நடந்திருக்க வேண்டும்.

"சாவு எதுக்குண்ணே?" என்று மாத்திரை கேட்டார்.

"பொறந்தவன் எந்திரிச்சுப் போயிருவான். கட்டிக்கிட்டவனும் போயிருவான். பொதைச்ச ஆளு போக மாட்டாரு அம்பலம். அவரை விட்டுட்டுப் போக மத்தவனுக்கும் மனசு வராது. அதுக்கப்பறந்தான் ஊரு வேர் பிடிக்கும்."

முதல் ஞாயிறு நான் பத்து வண்டியிலும் தறியை ஏற்றினேன். நெசவாளர் ஊர் அல்லவா. அண்ணன் நோட்டைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "கெணத்துக்கயிறு எந்த வண்டியில வருது அம்பலம்?" இரண்டாவது ஆடியில் என் ஊர் தாகத்தில் செத்தது. மாத்திரை விதைநெல்லும் மாடும் கொண்டுவந்தார். பிரசவம் பார்க்கிற ஆளை விட்டுவிட்டார். மாத்திரையின் மருந்துப் பையை அண்ணன் ஒரு பார்வை பார்த்ததில் மனுஷன் கூனிப்போனார்.

ஐஸ்பெட்டி ஒரு படகைக் கொண்டுவந்தார். அதற்கே மூன்று வண்டி போய்விட்டது.

"பொட்டலுக்கு எதுக்கு அம்பலம் படகு?"

"படகை விட்டுட்டு எங்க ஆளுக ஏற மாட்டாகண்ணே."

அண்ணன் சரி என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் படகின் நிழலில் தொட்டில் கட்டினார்கள். அதில் ஏறி நின்று பஞ்சாயத்துப் பேசினார்கள். ஆறாவது ஆடியில் நாலும் கறுப்பாக விழுந்தது. பொட்டலில் விறகு இல்லை. அடுப்பெரிக்க அந்தப் படகை உடைத்தார்கள் என்று அண்ணன் சொன்னதும் ஐஸ்பெட்டி எழுந்து வெளியே போனவர்தான். இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. இல்லாத ஊரின் இல்லாத படகுக்காக ஒரு மீன் ஏஜெண்ட் இரண்டு வாரம் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எனக்கும் மாத்திரைக்கும் நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஊருணியில் முதல் குடம் எந்த ஊர் எடுப்பது என்று ஆட்டத்தில் சண்டை. அது ஆட்டத்தோடு முடியவில்லை. திங்கட்கிழமை குளிக்கப் போனால் என் வாளியைக் காணோம். "மொதக் கொடம் எங்களுக்குத்தான்னு ஒத்துக்கிட்டா வாளி வரும்" என்று கதவுக்கு வெளியிலிருந்து மாத்திரையின் குரல் கேட்டது. முப்பது வயது தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்!

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அண்ணன் சிவப்பு மையில் எழுதுவார்: 'ஊர் செத்தது.' காரணமும் எழுதுவார். தாகம். சண்டை. காய்ச்சல். ஒருதடவை 'சலிப்பு' என்று எழுதியிருந்தார். பத்து, பன்னிரண்டு ஆட்டம் போனதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. யாரும் ஜெயிக்க முடியாத விளையாட்டை எதற்கு விளையாட வேண்டும் என்று சத்தம் போட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருபத்துமூன்று வீடு வரைந்திருந்தது.

"இது எங்க ஊரு தம்பி. தை கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாக. ஏழு கிலோமீட்டர் தள்ளி மனை குடுக்குறாக. அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஒரு ஊரை உசுரோட எறக்கிப் பாக்கணும்ல?"

அவர் ஊர் அன்னவாசலுக்கு அங்கிட்டு இருந்தது. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருப்பதால் பாறையடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையை உடைக்கக் குவாரி வந்தது. தினமும் மத்தியானம் வெடி. வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் வீட்டுக்குள் ஓட வேண்டும். முதலில் கல் கூரையில் விழுந்தது, பிறகு சுவர் விரிந்தது, கடைசியில் கிணறு வற்றியது. குவாரியை நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தவர்களிடம், குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று தாள் கொடுத்தார்கள். வலிக்கிற பல்லை விட்டுவிட்டுத் தலையை எடுத்த கதை.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தோம். என்னென்னவோ செய்து பார்த்தோம். ஐஸ்பெட்டி படகை விட்டுவிட்டு வந்தார். நான் ஒரே ஒரு தறியும் ஒன்பது வண்டித் தண்ணீரும் கொண்டுவந்தேன். மாத்திரை முதல் குடத்தை எனக்கே விட்டுக்கொடுத்தார். எல்லா ஆட்டத்திலும் அழகான இடம் அதுதான். மார்கழி முடியும்போது முப்பத்தோர் ஆட்டம் ஆகியிருந்தது. முப்பத்தொன்றிலும் ஊர் செத்தது.

பொங்கலுக்கு மறுவாரம் அண்ணன் எங்களைப் பாறையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் சுருட்டிய பெரிய சார்ட் இருந்தது. முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. புது இடத்தில் யாருக்கு எந்த மனை என்பதை ஊராரே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். பள்ளிக்கூட வராண்டாவில் ஊர் கூடியது. அண்ணன் சார்ட்டைச் சுவரில் ஒட்டினார்.

"முப்பத்தோரு தடவை பாத்துட்டேன். ஊரு ஏன் சாகுது? பக்கத்து வீட்டுக்காரன் மாறிப்போறான். அதான் காரணம். நான் ஒண்ணுகூட மாத்தலை. இங்க யாரு யாருக்குப் பக்கத்துல இருக்கீகளோ, அங்கயும் அப்படியே. அதே வரிசை, அதே முக்கு, அதே சந்து!"

முதலில் எழுந்தவர் நடுத்தெரு ஆள். அவருக்கும் பக்கத்து வீட்டில் இருந்த சொந்தத் தம்பிக்கும் ஒரு சுவருக்காகப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"ஏம்ப்பா, இந்தச் சொவத்தையும் வரைஞ்சிருக்கியே?"

"அளவு மாறலைண்ணே. அதே ஒம்பது இஞ்ச்."

"அட கூறுகெட்ட மனுசா! இவன் மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான் நான் காலி பண்ணக் கையெழுத்தே போட்டேன்!"

வராண்டா சிரிப்பில் அதிர்ந்தது. தம்பியும் சிரித்தார்; தன் கூடப்பிறந்தவர் பேச்சை அவர் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டது அப்போதுதானாம். இன்னொரு அம்மாள் தன் மாமியார் வீட்டை எதிர்ச்சாரியில் வரைந்ததற்கு எஃப்.எம்.பி. அண்ணனை ஒரு பிடி பிடித்தார். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, விடையெல்லாம் தப்பென்று தெரிந்த கணக்கு வாத்தியார் மாதிரி முழித்தார்.

அப்போது ராசாத்தி எழுந்தாள். ஊரின் கடைசி வீடு அவளுடையது. நூறுநாள் வேலைக்குப் போகிறவள். அவள் சத்தம் போடவில்லை.

"ஏங்க, நாங்க இங்க கடைசி. கொழாயில தண்ணி எங்களுக்குக் கடைசி. புரவி எடுப்புத் திருவிழாவுல சாமி எங்க முக்கு வரைக்கும் வந்து திரும்பிரும். அங்கயும் எங்களைக் கடைசியிலதான் வரைஞ்சிருக்கீங்க. ஊரு மாறியும் இது மாறாதாங்க?"

சிரிப்பு நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அண்ணன் சார்ட்டின் கீழ் மூலையைப் பார்த்தார். அவர் வரைந்த எல்லா ஊர்களிலும் அந்த மூலை இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னுடைய நெசவாளர் ஊரில்கூட ஒரு கடைசித் தெரு உண்டு. முப்பத்தோர் ஞாயிறு விளையாடிய எங்களில் ஒருவர்கூட அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. குவாரிச் சங்கு ஊதியது. யாரும் உள்ளே ஓடவில்லை. அந்த வெடிச் சத்தம் அடங்கும்வரை அண்ணன் அப்படியே நின்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தார். போட்ட கோட்டை அவர் அழித்து நான் பார்த்ததேயில்லை. அன்றைக்கு இருபத்துமூன்று வீட்டையும் அழித்தார். அழித்துவிட்டுப் பென்சிலை ராசாத்தியிடம் நீட்டினார்.

"நீ மொதல்ல போடும்மா."

"எனக்கு வரையத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியலைன்னுதானே இம்புட்டு நேரம் சொன்ன. போடு."

மெயின்ரோட்டை ஒட்டி, குழாய்க்குப் பக்கத்தில் இருந்த முதல் மனையில் அவள் ஒரு பெருக்கல் குறி போட்டாள். வரைந்து பழகாத கை என்பதால் குறி பக்கத்து மனைக்குள்ளும் போயிருந்தது. அதை எப்படிக் குறிக்கலாம் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். "நான் அளந்து குடுத்துட்டேன், முடிஞ்சுபோச்சு" என்று அண்ணன் ஒரு அதட்டல் போட்டார். அவர் அதட்டி நான் கேட்டதும் அன்றைக்குத்தான். பொழுது சாய்வதற்குள் மற்ற வீடுகளையும் சண்டை போட்டு, கெஞ்சி, கொஞ்சி, ஊரே வரைந்து முடித்தது. நடுத்தெரு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஊரின் இரண்டு கோடிக்குப் போனார்கள். அழிக்காமல் மிஞ்சியிருந்தது சுடுகாடு மட்டும். அதை அண்ணன் முதலிலேயே மையில் போட்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அன்னவாசல் தாண்டியதும், "அசிங்கமா இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

தை கடைசியில் ஊர் பெயர்ந்தது. பத்து வண்டி இல்லை, நாலு டிராக்டர். கோயிலைப் பெயர்க்க முடியாது. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி பூசாரி அய்யனார் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். பிடிமண் போய்ச் சேருகிற இடத்துக்குச் சாமியும் வந்துவிடும். எல்லோரும் நகர்ந்த பிறகு அண்ணனும் ஒரு காபித்தூள் பாட்டிலில் அங்கே கொஞ்சம் மண் அள்ளினார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

புது இடத்தில் ஒரு மேஜை போட்டு அதிகாரி ஒருவர் பெயர் வாசித்துப் பட்டா கொடுத்தார். இருபத்திரண்டு பெயரோடு பட்டியல் முடிந்தது. மனைக்கெல்லாம் அளந்து கல் நட்டு முடித்த அண்ணன் கையில் டேப்போடு நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

கணக்கெடுத்தபோது ஊரில் குடியிருந்தவர்களை மட்டுமே எழுதியிருந்தார்கள். அண்ணனின் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீடு பூட்டிக் கிடந்தது, அவர் மேன்ஷனில் இருந்தார். எத்தனையோ நூற்றாண்டு ஊர்களை வரைந்தவர் டேப்பைச் சுருட்டினார். பிறகு, "மேன்ஷனுங்க" என்றார். நானும் மாத்திரையும் சண்டைக்குப் போனோம். எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பிரமன் எந்த ஊர்லய்யா மனை வாங்குனான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அத்தோடு ஆட்டம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்டும் பஸ் ஏறிப் புதுப் பாறையடிக்குப் போவார். ஒரு குழந்தை பிறந்ததும் மேன்ஷனுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஒரு கல்யாணம் நடந்தபோது பந்தலுக்கு அளந்து கயிறு கட்டியவரே அவர்தான். அவர் கேட்கிற மூன்றில் பாக்கி ஒன்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் ஒருவரும் சாகிற வழியாக இல்லை. படுத்தவர்களைப் பிள்ளைகள் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊரிலேயே மூத்த பெரியவர் ஒருவர், எண்பது தாண்டியவர், அண்ணன் தலை தெரிந்தாலே மருமகளை விரட்டுவார்.

"கதவைச் சாத்து புள்ள! எஃப்.எம்.பி. வாரான். ஒடம்பு எப்படி இருக்குன்னு கேப்பான். அவன் கேக்குற தினுசே சரியில்ல!"

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அப்புறம் ஓர் ஆடி ஞாயிறு காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டை போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நான் பதறிப்போய், "எங்கண்ணே வலிக்குது?" என்று கேட்டேன். "நடு எல்லைடா தம்பி" என்றார். ஆட்டோவில் போகும்போதே மாத்திரையின் தோளில் சாய்ந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் கீழே இறக்கியபோது உயிரோடு இல்லை.

பிணத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றோம். மேன்ஷன் முதலாளி போனில், இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள், மற்றவர்கள் பயப்படுவார்கள் என்றார். பழைய ஊர் குவாரி வேலிக்குள் போய்விட்டது. புது ஊரில் அவருக்கு ஒரு சாண் இடமில்லை. ஐஸ்பெட்டி, "எங்க ஊருக்குக் கொண்டு போயிருவோம். நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்று அழுதார். அண்ணன் செல்போனில் ராசாத்தி நம்பர் இருந்தது. மாத்திரை கூப்பிட்டார். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அங்கனயே இருங்க. வாரோம்."

இரண்டு வண்டியில் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் ஊருக்குள் போனதும் ஒரு சலசலப்பு எழுந்தது. புது ஊரின் முதல் சாவு இப்படி மனையே இல்லாத ஆளுடையதாக இருக்கலாமா என்று யாரோ இழுத்தார்கள். ராசாத்தி திரும்பி நின்றாள்.

"அவருக்கு மனை இல்லைங்கிறீங்க. ஒங்க மனைக்கெல்லாம் கல்லு நட்டது யாருங்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பை ஊன்றியபடி அந்த எண்பது வயதுப் பெரியவர் வந்தார். அண்ணன் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"நான் போக வேண்டிய எடம்டா அது. ஒண்ணரை வருசமா எனக்குன்னு பாத்து வச்சிருந்துட்டு, நீயே முந்திக்கிட்டியேடா பாவி" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "என்னத்த வேடிக்க பாக்குறீக? தூக்குங்கடா நம்ம புள்ளைய" என்றார்.

கல்யாணம் ஆகாதவர் என்பதால் புதைத்தார்கள். அவரே அளந்து, அவரே மையில் போட்டு வைத்திருந்த சுடுகாடு. வடகிழக்கு மூலையில் குழி. அவர் அறையிலிருந்து நான் எடுத்து வந்திருந்த காபித்தூள் பாட்டிலைத் திறந்து, ராசாத்தி ஒரு பிடி, பெரியவர் ஒரு பிடி, நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பிடி பழைய ஊர் மண்ணைப் போட்டோம். பாட்டில் காலியாகிவிட்டது.

மறுநாள் அறையைக் காலி செய்தபோது நோட்டு கிடைத்தது. முப்பத்தோர் ஆட்டத்துக்குப் பிறகு, எங்களுக்குத் தெரியாமல் இன்னொன்றைத் தொடங்கி வைத்திருந்தார். '32. புதுப் பாறையடி.' பிறப்பு என்ற இடத்தில் ஒரு டிக். கல்யாணம் என்ற இடத்தில் ஒரு டிக். அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஐஸ்பெட்டி சிவப்புப் பேனாவை எடுத்துத் தந்தார். சாவு என்ற இடத்தில் நான் டிக் போட்டேன். முடிவு என்ற இடத்தில், ஒன்பது ஆடி ஆகாவிட்டாலும், அந்த நோட்டிலேயே முதல்முறையாக, 'ஊர் பிழைத்தது' என்று எழுதினேன்.

கண்ணீர் மறைத்ததில் எழுத்து கோணலாகப் போய்விட்டது. ஸ்கேலை வைத்து எழுதுடா என்று திட்டத்தான் ஆள் இல்லை.